வலி இல்லை என்று எழுதியவன்

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் சிரித்தேன். எத்தனையோ தப்புகளுக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

மலாக்காவில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி. உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையில் எனக்கு ஒரு மேசையும் பெரிய கணினித் திரையும் கொடுத்திருந்தார்கள். செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திக்கொண்டவர்களின் எக்ஸ்ரே படங்களை அளப்பது என் வேலை. புதிதாக வந்த ஒரு வகை பிளாஸ்டிக் எவ்வளவு காலம் தாங்குகிறது என்று பெரிய டாக்டர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அதில் நான் ஆய்வு உதவியாளன்.

செயற்கை மூட்டில் தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டு ஒன்று இருக்கும். தண்டின் உச்சியில் ஓர் உருண்டை. இடுப்பெலும்பில் பதித்த கிண்ணத்துக்குள் அந்த உருண்டை சுழலும். இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை. நடக்க நடக்க உருண்டை அந்த உறையைத் தேய்க்கும். நான் திரையில் உருண்டையைச் சுற்றி ஒரு வட்டமும் கிண்ணத்தைச் சுற்றி ஒரு வட்டமும் போடுவேன். இரண்டின் மையமும் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு தேய்மானம்.

தேய்மானத்தைவிட மோசமானது அதிலிருந்து உதிரும் தூள். கண்ணுக்கே தெரியாத அந்தத் தூளைத் தின்ன வரும் செல்கள், பக்கத்தில் இருக்கும் எலும்பையும் சேர்த்துக் கரைத்துவிடும். படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் கறுத்துப்போகும். பலருக்கு வெகுகாலம் வலியே தெரியாது. தெரியும்போது எலும்பு மிச்சம் இருக்காது. அதனால்தான் படம் எடுக்கிறோம், அதனால்தான் அளக்கிறோம் என்று பெரிய டாக்டர் எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்.

படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பெரிய டாக்டரிடம் மட்டும் இருந்தது. பெயர் தெரிந்தால் அளப்பவன் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

நான் சிரித்த படத்தின் மேல் விளிம்பில் ஒரு தாயத்து தெரிந்தது. சின்னக் குழல், பளிச்சென்ற வெள்ளை, ஒரு பக்கம் தாழ்ந்து சாய்வாக. யாரோ நம்ம ஊர் மாமா, எக்ஸ்ரே அறையில் அரைஞாண் கயிற்றைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். என் அப்பாவும் அப்படித்தான். "அது பொணமானா அறுக்குற கயிறு, உசுரோட இருக்கிறவன்கிட்ட கேக்காதீங்க" என்று ஒரு முறை எக்ஸ்ரே எடுக்கிற மலாய்ப் பெண்ணிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சாமி விஷயம் என்றேன். அவளும் விட்டுவிட்டாள். அந்த நினைப்பில்தான் சிரித்தேன்.

பிறகு கண் கீழே இறங்கியது. சிரிப்பு நின்றது. உருண்டை கிண்ணத்தின் மேல்பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தது. கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு வட்டம். தொடை எலும்பின் மேல்முனை முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது. தண்டைச் சுற்றி ஒரு தோல்தான் மிச்சம் என்பதுபோல எலும்பு மெலிந்திருந்தது.

இது அப்பாவாக இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். அப்பாவின் படம் என் மேசைக்கே வராது என்று ஒருவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அதைச் சொல்ல எட்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்பா ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்ற பிறகு நாங்கள் டவுனில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அவர் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் காண்டிராக்ட் ஆளாகச் சில வருடம் இருந்தார். அப்போதுதான் நொண்ட ஆரம்பித்தார். இடுப்பு எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிட்டது என்றார்கள். மாற்று மூட்டுதான் வழி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் என்ன படிக்கிறீர்?"

என்னை யாரும் அதுவரை 'நீர்' என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் 'டா'. பள்ளியில் 'நீ'. அவர் யாழ்ப்பாணக் குடும்பம், அவர் வீட்டுப் பேச்சு அப்படி என்று பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அவர் அடுத்த சந்திப்புக்கான அட்டையின் பின்பக்கத்தில் ஓர் இடுப்பெலும்பை வரைந்து, எங்கே வெட்டுவோம், எதை வைப்போம் என்று எனக்குச் சொன்னார். நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்று மாதத்தில் அப்பா நிமிர்ந்து நடந்தார். அந்த அட்டையை என் சான்றிதழ்களோடு வைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். உயிர்மருத்துவம் படித்துவிட்டு, இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது பெரிய டாக்டர் என்னை நினைவு வைத்திருந்தார். அப்பாவும் அவருடைய ஆய்வில் இருந்த நோயாளிகளில் ஒருவர். வேலையில் சேர்ந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. உடனே அவர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், எங்க அப்பா படத்த நான் அளக்கக்கூடாது. தெரிஞ்சா என் கை சரியா இருக்காது."

"நல்லது தம்பி. நேர்மையான ஆள் நீர். அவற்ற படங்களை நான் எடுத்துத் தனியா வைக்கிறன். வேற ஆக்கள் அளப்பினம்."

அதுதான் வாக்கு. அதனால்தான் சாய்ந்து தொங்கிய அந்தத் தாயத்து எனக்கு வேறு யாரோ ஒரு மாமாவின் தாயத்தாக இருந்தது.

படத்துக்கு அப்பால் ஆய்வில் இன்னொரு பாதி உண்டு. வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியிடமும் கேள்விகள் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வலி, நடை, தூக்கம், படிக்கட்டு. அதைத் தமிழில் எழுதியது நான். தமிழ் நோயாளிகளை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டதும் நான். அப்பாவுக்கு மட்டும் வீட்டில், சாப்பாட்டு மேசையில். அதில் தப்பில்லை என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். "அவர் சொல்லுறதை அப்பிடியே எழுதும், அவ்வளவுதான்."

"கடந்த நாலு வாரத்துல இடுப்புல வலி இருந்துச்சாப்பா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"இல்லன்னு எழுது லா."

"சாக்ஸ் போடறப்ப சிரமமா இருக்கா?"

"சாக்ஸா? என் கல்யாணத்துக்கே நான் சாக்ஸ் போடல."

அடுப்படியிலிருந்து அம்மா, "சாக்ஸ விடு, அன்னிக்கு காலுல இருந்தது உங்க பெரியப்பா செருப்பு. தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் அவரு வெறுங்காலோட நின்னுக்கிட்டிருந்தாரு" என்றாள்.

"கார்ல ஏறி எறங்க கஷ்டமா?"

"வாங்கிக் குடு. ஏறிப் பாத்துட்டு சொல்றேன்."

"அப்பா, வெளையாடாதீங்க. மாடிப்படி?"

"மாடி வீடா கட்டி வச்சிருக்கே? எல்லாம் பாகுஸ், நல்லாருக்குன்னு போடு."

நான் எழுதினேன். வலி இல்லை. சிரமம் இல்லை. என் பட்டியலிலேயே அதிக மதிப்பெண் அப்பாவுக்குத்தான். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. நான் பேனாவை எடுத்தவுடன் அவர் எழுந்து நின்றுவிடுவார். மேசைக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு. "உக்காருங்கப்பா" என்பேன். "பரவால்ல, நீ எழுது" என்பார். எல்லாக் கேள்விக்கும் நின்றுகொண்டேதான் பதில். ஒரு வருடம் அம்மாவே கேட்டாள், "என்னா இது, பெரட்டுக்கு நிக்கிற மாதிரி?" என்று. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணுவது. வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி ஏட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். பக்கத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். உடம்பு சரியில்லை, கால் வலி என்று சொன்னவன் பேர் அன்றைக்கு ஏட்டில் ஏறாது. பேர் ஏறாவிட்டால் வேலை இல்லை. அப்பா இருபது வயதுக்குள் அதைக் கற்றுக்கொண்டவர். அம்மா சொன்னதும் மூன்று பேரும் சிரித்தோம். நான் அடுத்த கேள்வியைப் படித்தேன்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். அளவைப் போட்டுவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடி வைத்தேன். 'உடனே பார்க்கவும்' என்று குறிப்பு எழுதினேன். அது போதாது என்று தோன்றி, படத்தை அச்செடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்கே போனேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல கண் உமக்கு."

"யாருன்னு பாத்து கூப்பிட்டுச் சொல்லிடலாமா டாக்டர்? ஒடஞ்சிடும்போல இருக்கு."

"ஓம். நான் பாக்கிறன். பேரை நீர் தெரிஞ்சுகொள்ளக்கூடாது, அளவெல்லாம் பழுதாப்போகும். இது என்ட வேலை."

எனக்கு 'நல்ல கண்' போதுமாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் அதைத்தான் சொன்னேன். அப்பா அப்போது எண்ணெய் ஆலையை விட்டுவிட்டு, தஞ்சோங் கிளிங்கில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் புல் வெட்டும் வேலையில் இருந்தார். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் சொந்த மெஷின். பிளேடை ராவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு ஒரு படம் பாத்தேன்பா. எலும்பே இல்ல. தண்டு அந்தரத்துல நிக்கிது. பாவம் அந்த ஆளு."

"நடக்குறானா?"

"எப்படி நடக்கிறாருன்னே தெரியல."

அப்பா பிளேடைத் திருப்பிப் பார்த்தார். "நடக்கணும்னா நடப்பான். அவங்கிட்ட யாராச்சும் சொல்லுவாங்களா?"

"டாக்டர் சொல்லுவாரு."

"அப்ப சரி" என்றார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் ஹோட்டலில் அப்பாவை வேலை வாங்கும் மண்டோர் ஃபோன் செய்தார். "தம்பி, ஒங்க அப்பா விழுந்துட்டாரு லா. எந்திரிக்க முடியல. ஆம்புலன்ஸ் ஏத்தியாச்சி."

நான் மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறங்கி, அவசரப் பிரிவு வாசலில் நின்றேன். கொண்டுவந்தார்கள். வலது கால் வெளிப்பக்கம் திரும்பி, குட்டையாகக் கிடந்தது. தலையிலும் சட்டையிலும் வெட்டிய புல் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "மெஷின் ஒடயல, நல்லாத்தான் இருக்கு. மண்டோர எடுத்து வைக்கச் சொல்லு" என்றார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கத்தரிக்கோலால் கால்சட்டையை வெட்டினாள். அரைஞாண் கயிறு தெரிந்தது. அதில் தாயத்து.

பிறந்ததிலிருந்து நான் பார்த்த தாயத்துதான். இரண்டு பக்கமும் கயிறு கோக்க வளையம் இருக்கும். ஒரு வளையம் நான் குழந்தையாக இருந்தபோது உடைந்துவிட்டதாம். அதனால் ஒரு பக்கம் தாழ்ந்து சாய்வாகத்தான் தொங்கும். குளித்துவிட்டு வரும்போது பார்த்திருக்கிறேன், வெறும் உடம்போடு தூங்கும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் இடுப்பெலும்புக்கு மேலே, வெள்ளை விளக்குக்குக் கீழே, நேர் மேலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கோணம் எனக்குத் தெரியும். அந்தக் கோணத்தில் அதை நான் ஏற்கெனவே பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனதும் மேலே ஓடினேன். சிவப்புக் கொடி வைத்த எண்ணைத் திறந்தேன். பிறகு கீழே எடுத்த புதுப் படத்தையும் திறந்து, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வு. அதே உருண்டை, அதே கறுப்பு. புதுப் படத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது. தண்டைச் சுற்றி மெலிந்திருந்த அந்த எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது.

பெரிய டாக்டர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். நான் வருவேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"இரும்."

நான் உட்காரவில்லை. "டாக்டர், அந்தப் படம் எங்க அப்பாவோடது."

"ஓம்."

"தனியா வைக்கிறேன்னு சொன்னீங்க."

"வைக்கத்தான் நினைச்சன். அளக்க வேற ஆள் கிடைக்கேல்ல. எண் மட்டும்தானே, உமக்குத் தெரியாது, அப்ப பிழையில்லை எண்டு விட்டிட்டன்."

"நான் கொடி வச்ச அன்னிக்கே அது யாருன்னு பாத்தீங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். "பாத்தனான்."

"அஞ்சு மாசம் டாக்டர். தெனம் மேல வந்து என் தோள்ல தட்டிட்டுப் போனீங்க. அப்பா எப்படி இருக்கார்னு கூட கேட்டீங்க."

"அதுக்குத்தான் கேட்டனான். நல்லா இருக்கார், வேலைக்குப் போறார் எண்டு நீர் சொன்னீர்." மேசையிலிருந்து ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து. "படம் மோசமா இருந்தாலும் வலி இல்லாத ஆளை உடன வெட்டுறேல்ல. கவனிச்சுக்கொண்டு இருப்பம். படிவத்தைப் பாரும். வலி இல்லை. மூண்டு வருசமா வலி இல்லை. இதை எழுதினது ஆர்?"

எழுதியது நான். அவர் குரல் கடுமையாக இல்லை. அதுதான் இன்னும் மோசம். டாக்டர்கள் கூட்டத்தில் ஆய்வு முடிவை வாசிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது என்றும், நடுவில் எனக்குப் பெயர் தெரிந்துவிட்டால் எல்லாப் படத்தையும் மறுபடி அளக்க வேண்டும் என்றும், அதன் பிறகு நிச்சயம் கூப்பிட்டிருப்பார் என்றும் சொல்லிக்கொண்டே போனார்.

"கவனிச்சுக்கிட்டு இருக்கிறதுன்னா அவருகிட்ட சொல்லிட்டுத்தானே டாக்டர் கவனிக்கணும்? புல்லு வெட்டாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே. கைத்தடி வச்சிக்கோங்கன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேசையில் அப்பாவின் புதுத் தாள் ஒன்றும் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'வேலையிடத்தில் தவறி விழுந்ததால் முறிவு' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. தவறி விழுந்தால் அது விபத்து. ஆய்வில் பிளாஸ்டிக்கின் தோல்வியாக அது எண்ணப்படாது. அந்த வேலையில் மூன்று வருடம் இருந்தவனுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கீழே போனேன். அப்பாவுக்கு ஊசி போட்டிருந்தார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் நின்று அவர் தலையிலிருந்து புல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா விழுந்தீங்க? புல்லுல வழுக்கிடுச்சா?"

"விழுந்து ஒடயலடா. ஒடஞ்சுதான் விழுந்தேன். சும்மா நின்னுக்கிட்டுதான் இருந்தேன். உள்ள 'டக்'குன்னுச்சு. அதுக்கப்பறந்தான் கீழ போனேன்."

"அதுக்கு முன்னால வலிச்சதா?"

அம்மா கையை நிறுத்தினாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளாப்பா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"நான் கேட்டேனேப்பா! வருஷா வருஷம் ஒக்காந்து கேட்டேனே!"

"நீ எங்க கேட்ட? பேனாவும் பேப்பரும் வச்சிக்கிட்டு கிராணி மாதிரி கேட்ட. மவனா கேட்டியா, ஆபீஸ் ஆளா கேட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "அவரு போட்ட இடுப்பு. அவருகிட்டதான் நீ வேல பாக்குற. கெட்டுப்போச்சுன்னு நானே சொன்னா, ஒனக்குத்தான கெட்ட பேரு."

"அதுக்கு நின்னுக்கிட்டே பதில் சொல்வீங்களா?"

"ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. நீ பாத்துடுவ."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மேலே இருந்தவர் எனக்குத் தெரியாமல் மறைத்தார், இங்கே படுத்திருப்பவர் எனக்காக மறைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் கையெழுத்துப் போட்டவன் நான். வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, நடந்ததை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். படம், கொடி, பட்டியல், ஐந்து மாதம். மறுபடியும் வெட்டி, உறையையும் தண்டையும் மாற்றி, வேறொருவர் தானம் கொடுத்த எலும்பை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் இங்கே பெரிய டாக்டர் ஒருவர்தான். கோலாலம்பூருக்கு மாற்றினால் காத்திருக்க வேண்டும். அவர் கையில் அப்பாவை மறுபடி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் சொன்னேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேட்டது இதைத்தான்.

"அப்ப அன்னிக்கு நீ சொன்ன ஆளு நான்தானா? எலும்பே இல்ல, பாவம்னு சொன்னியே?"

நான் தலையை ஆட்டினேன்.

"டாக்டர் சொல்லுவாருன்னு சொன்னியே."

"ஆமாப்பா."

அம்மா, "கோலாலம்பூருக்கே போயிடலாம்ங்க. இவரு மூஞ்சில முழிக்க வேணாம்" என்றாள்.

"அவரு கை நல்ல கை" என்றார் அப்பா. "வாய்தான் சரியில்ல. காலுக்குக் கைதான வேணும்? கூட்டிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்."

மறுநாள் காலையில் ஆபரேஷன். மிஸ்ஸி வந்து கயிற்றை எடுக்க வேண்டும், இந்த முறை மேலே தூக்கிக் கட்ட முடியாது என்றாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. அப்பா முகம் வெளுத்தது. அவ்வளவு நேரம் வலியில்கூட அப்படி வெளுக்கவில்லை.

"அறுக்காத. அறுக்க வேணாம்னு சொல்லு. அவுத்து எடுக்கச் சொல்லு."

வருடக்கணக்கில் தண்ணீரும் வியர்வையும் பட்டு முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் ஏறவில்லை. மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, ஹேர்பின்னை முடிச்சுக்குள் விட்டு நெம்பினேன். அப்பா என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தள்ளுகட்டில் வந்து வாசலில் நின்ற பிறகுதான் அவிழ்ந்தது. அறுக்காமல் எடுத்து, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் நீண்டது. பெரிய டாக்டர் வெளியே வந்து அம்மாவிடம், "கால் கொஞ்சம் குட்டையாத்தான் இருக்கும் அம்மா, எலும்பு அவ்வளவுதான் இருந்தது" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என்னால் முடியவில்லை.

அப்பா பிழைத்தார். வீட்டுக்கு வந்தார். இப்போது நான்கு கால் தடியைத் தூக்கி வைத்து நடக்கிறார். வலது செருப்புக்கு அடியில் கனத்த ரப்பர் ஒட்டியிருக்கிறோம். புல் மெஷினைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். கயிற்றை அவரே மறுபடி கட்டிக்கொண்டார்.

வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்தேன். அப்பா பெயரில் அந்த இரண்டு வருடத்துக்கும் புதுப் படிவம் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டேன். இந்த முறை சாக்ஸைப் பற்றியும் காரைப் பற்றியும் யாரும் விளையாடவில்லை. "ராத்திரி திரும்பிப் படுக்க முடியல, அதையும் எழுது." "பஸ்ஸுல ஏறறப்ப கையால கால தூக்கி வப்பேன், எழுது." எழுதினேன். முன்பு எழுதியது தவறு என்று கீழே குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முறிவுக்குக் காரணம் என்ற இடத்தில் அப்பா சொன்னதைத் தமிழிலேயே எழுதினேன். விழுந்து உடையவில்லை, உடைந்துதான் விழுந்தேன்.

பெரிய டாக்டர் வாங்கிப் படித்தார். தமிழ் வரிக்கு வந்ததும் சற்று நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, என் பக்கம் தள்ளினார். முடிந்த வருடத்துப் படிவத்தைத் திருத்த ஆய்வு விதியில் இடமில்லை என்றார். முதல் முறையாக என்னிடம் முழுக்க ஆங்கிலத்தில் பேசினார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார்.

"என்னா சொன்னாரு?"

"வாங்கிக்கிட்டாருப்பா. எல்லாம் சரியாத்தான் இருக்குன்னாரு."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் மேசைக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஒக்காந்து சொல்லு" என்றார்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். படிவங்களைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"எடுத்துக்கலப்பா."